மூன்றாம் படியில் எடுத்த படம்

மகள் விடுமுறைக்கு மெக்சிகோ போய் வந்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு சின்னப் படத்தை ஒட்டியிருக்கிறாள். இரண்டு வீட்டு மாடங்கள் முட்டிக்கொள்கிற ஒடுங்கிய சந்து. கீழே சிவப்புப் பூசிய படி. பால் எடுக்கப் போனவன் கதவைத் திறக்காமலே நின்றுவிட்டேன். உன்னுடைய குவானாஹுவாத்தோ, மச்சான்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்டதால் நீ நாலு மாதம் அகப்பட்டுக் கிடந்த ஊர். அகப்பட்டவன் போலவா கதைத்தாய்? இங்கே வந்த பிறகு, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நமது நிலக்கீழ் அறையில், உணவகத்தில் கோப்பை கழுவி வெடித்த கைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, அந்த ஊரைத் தெருத்தெருவாகக் காட்டினாய். ஆறு ஓடிய பாதையில் நிலத்துக்குக் கீழே இப்போது கார் ஓடுகிறதாம். மலையில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குப் பெரிய சிலையாம். முதுகில் கல்லைக் கட்டிக்கொண்டு குண்டுகளுக்கு நடுவே ஊர்ந்துபோய், ஸ்பானியர் ஒளிந்திருந்த களஞ்சியத்தின் கதவுக்கு நெருப்பு வைத்தவனாம். எல்லாவற்றுக்கும் உப்புப்புளி சேர்த்துத்தான் சொல்வாய்.

அந்தச் சந்தின் கதையை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை. பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழைத் தொழிலாளியும் மாடத்துக்கு மாடம் கை நீட்டிக் காதலித்தார்கள். தகப்பனே மகளைக் குத்திக் கொன்றான். காதலனுக்கு மிஞ்சியது அவளுடைய குளிர்ந்த கை. அதனால் சோடியாகப் போகிறவர்கள் மூன்றாம் படியில் நின்று முத்தமிட வேண்டும், தவறினால் ஏழு வருடம் கெட்ட காலம். நீ அதில் தனியாக நின்று, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படம் எடுத்திருந்தாய்.

"அவளைக் கூட்டிப்போய் இதில நிப்பாட்டுவன் மச்சான். இடத்தை முதல்ல படத்தில பாத்து வைக்கட்டும்," என்றாய். மட்டக்களப்பில் இருந்த உன் மனைவிக்குப் படம் வருகிறது என்று எழுதியும் விட்டாய்.

உன் அகதி விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. வந்த வழியை வெளியே விடக்கூடாது என்பது அப்போது நமக்கெல்லாம் வேதம். படம் பிடிபட்டால் உன்னைத் திருப்பி அனுப்புவார்கள், தபாலிலும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நீ கேட்கவில்லை. நீ குளிக்கப் போன நேரத்தில் நான்தான் அதைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். நீ என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

விசாரணையில், எங்கே தங்கி வந்தாய் என்றபோது நீயே மெக்சிகோ என்று சொல்லிவிட்டாய். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்களாம். அவ்வளவுதான் அந்தப் படத்தின் ஆபத்து.

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அவளைக் கூப்பிடப் பத்திரம் நிரப்பத் தொடங்கியிருந்தாய். அந்த மாரியிலேயே, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். முப்பத்திரண்டு வயது, மச்சான்.

பிறகு அவள் எனக்கு எழுதினாள். "அண்ணா, வீடு எரிஞ்சதில கலியாணப் படமும் போயிட்டு. அவர் படியில நிண்ட படம் இன்னும் வரல்ல. உங்களிட்ட இருந்தா அனுப்புங்க." விசாரணைக்கு எடுத்த சின்னப் படத்தை அனுப்பினேன். அதில் நீ சிரிக்கவே இல்லை. மற்றது தபாலில் தொலைந்திருக்கும் என்று எழுதினேன்.

சந்துக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, எப்போது போனீர்கள் அப்பா என்று மகள் கேட்கிறாள். நான் போனதே இல்லை. இனிப் போனாலும் அந்தப் படியில் கால் வைக்க மாட்டேன்.

போன கிழமை தொலைபேசியில் உன் மனைவி அந்த நாளைய தபால்காரர்களைத் திட்டினாள்.

"ஓம் தங்கச்சி," என்றேன்.