ஜென்ஷோ என்ற சொல்

தம்பிக்கு,

திருப்பதி ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். மூன்று நாளும் சாத்துக்குடியை உரித்து வைத்துவிட்டு பஸ் ஏறி ஓடிவந்துவிட்டேன்.

அன்றைக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஷிப்ட் தொடங்கும் முன் நீ கேட்டாய்: "அக்கா, பிரஸ் மெஷினு சேஃப்டி கதவு மூடாமயே ஓடிக்கினு கீது. ஜப்பான் மேனேஜராண்ட சொல்லு." மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் குனிந்து வணங்கி "ஜென்ஷோ" என்றார். தக்கபடி கவனித்துச் செய்வது என்கிறது அகராதி. நானும் அப்படியே, "சரி பண்ணிடறாங்களாம்டா, நீ போய் வேலையப் பாரு" என்றேன்.

நீ போனாய். பத்து மணிக்கு பிரஸ் பக்கமிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

அந்தச் சொல்லை எப்போது சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எதுவும் செய்யப்போவதில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்லவும் மனமில்லை என்றால் சொல்வார்கள். ஜப்பானியப் பரீட்சையில் இதே கேள்விக்குச் சரியாக எழுதி மார்க் வாங்கியவள் நான். ஷிப்டுக்கு நின்ற அத்தனை பேர் எதிரில் அவரை மறுபடி கேட்கத்தான் வாய் வரவில்லை.

நேற்று அவரிடம், இடது கையால் செய்கிற வேலை ஏதாவது உனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அதே வணக்கம், அதே சொல்.

இந்த முறை சரியாக மொழிபெயர்க்கிறேன். கொடுக்கமாட்டார்கள். காத்திருக்காதே.

மேலே ஒரு வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், படிக்கப் பார்க்காதே. பழக்கத்தில், பதில் எழுது என்று எழுதிவிட்டேன்.

உன் அக்கா