மெஷினுக்குள்ளே உதிர்ந்த கால்

துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த, முன்பக்கம் கதவு வைத்த துணி துவைக்கும் மெஷின் யாரால் கெட்டது என்று சௌந்திரம் நேற்றுக் கணவனோடு சண்டை போட்டாள். நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று இன்று மோகனூர் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் காலையில் மெஷினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ராசு அவளைக் குழப்பிவிட்டுப் போயிருந்தான்.

“டிரம்மு பளபளன்னுதான் இருக்குதுங்கக்கா. பின்னால அதைத் தாங்குற அலுமினியக் காலுதான் வெள்ளையாப் பொரிஞ்சு உதிருது. உப்புத்தண்ணியும் சோடாவும் சேந்து தின்னுருச்சுங்க.”

போர்க் குழாயின் உப்புத்தண்ணீரை மெஷினுக்கு இழுத்துவிட்டது அவள் வீட்டுக்காரர். அதில் நுரை வரவில்லையென்று சலவைச் சோடாவை அள்ளிப் போட்டது அவள். அப்படியானால் தப்பு யாருடையது? வெளியே போயிருந்த அவருக்குக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்.

“ஏனுங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். மோரு உறியில இருக்குது. மெஷினு கெட்டது என்னாலதான்.”

கடைசி வரியை அடித்தாள். ‘உங்களாலதான்’ என்று எழுதி அதையும் அடித்தாள். ‘ரெண்டு பேராலயும்’ என்று எழுதியபோது, கோபம் எங்கே போனதென்று அவளுக்கே புரியவில்லை.

தாளின் அடியில் ஒரு வரியை நெருக்கி எழுதினாள்: “பொழுதோட வந்தர்றேனுங்க. அழுக்குத் துணியை நனைச்சு வெய்ங்க, சேந்து தொவைக்கலாம்.”