ஓரம் கலைந்த இடம்

பிப்ரவரி 6, செவ்வாய்

வரவு செலவு எழுதியாயிற்று. வீட்டுக்காரருக்குப் புற்றுநோய்க் கட்டிக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்து ஒரு வருடம். புராஸ்டேட் சுருங்கியிருக்கும் என்று சிம்மக்கல்லில் ஸ்கேன் எடுத்தோம். அளவு 41 கிராம் என்று இருக்கிறது. போன முறை 24. வேறு இடத்தில் எடுத்துவரச் சொன்னார் டாக்டர். கட்டி திரும்பியிருந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்கணுமாம்.

இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

பிப்ரவரி 7

நேற்றுவரை நன்றாகத் தூங்கிய மனுஷன். ராத்திரி எழுந்து எழுந்து போகிறார். “பெருத்துப்போச்சுல்ல, மூத்திரம் எப்பிடிப் போகும்?” என்கிறார். நான் வாசிக்கும்வரை போனதே?

பிப்ரவரி 9, வெள்ளி

வேறு சென்டர். ஸ்கேன் எடுத்த பெண் ஆர்த்திகா என்னையும் உள்ளே விட்டாள். திரை முழுக்கச் சாம்பல் நிறம். கோடு போட்டாள், அழித்தாள், தள்ளிப் போட்டாள்.

“கரண்டு வச்ச இடம்ல ஆன்ட்டி, ஓரமே சரியாத் தெரியாது. நாங்க எங்க கோடு போடுறோமோ அதான் சைஸ்.”

23 வந்தது.

பிப்ரவரி 10

23 என்று வாசித்ததும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். விடியும்வரை அசையவில்லை. பயமாக இருக்கிறது — உடம்பு அவருடையதா, நான் வாசிக்கிற தாளுடையதா?

பிப்ரவரி 13, செவ்வாய்

எதை நம்ப? இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே மாதிரி மடித்து, பூக்கட்டிப் பார்ப்பதுபோல் வண்டியூர் மாரியம்மன் காலடியில் வைக்கச் சொன்னேன். பூசாரி சிரித்தார். “பூவுக்குப் பதிலு பேப்பரா தாயி? நடக்கட்டும்.” ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

41.

வீட்டு வாசலிலேயே இவர் கேட்டார், “ஆத்தா எதைக் குடுத்தா?”

சின்னது என்று சொல்லிவிட்டேன். குங்குமம் இன்னும் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 16

டாக்டர் இரண்டு தாளையும் தள்ளி வைத்தார். “கரண்டு வச்ச பெறகு இந்த அளவை மட்டும் நம்ப முடியாதும்மா. ரத்தத்துல கட்டியக் காட்டிக்குடுக்கிற பி.எஸ்.ஏ. ஏறிக்கிட்டே வருது. அதான் எனக்குக் கவலை. சதை எடுத்துப் பாத்துருவோம்.”

இவர் எழுந்துவிட்டார். “மாரியே சின்னதுன்னுட்டா சார். எனக்கு ஒண்ணுமில்ல. வா பாண்டியம்மா, போவோம்.”

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார். முகத்தில் நோயே இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் சொல்லிவிட்டேன். “ஆத்தா குடுத்தது பெருசுங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

காப்பியை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போனார். வெகுநேரம் சத்தமே இல்லை.

“வரல பாண்டியம்மா,” என்றார் உள்ளேயிருந்து. “ஒரு சொட்டு வரல.”

மதியத்துக்குள் அடிவயிறு கல். தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே கல். இங்கே டியூப் வைத்து வடித்தார்கள். சதை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ரிசல்ட் வர ஒரு வாரமாம். அந்தத் தாளையும் நான்தான் வாசிக்கணும்.