ஏழு தோப்பு, ஒரே எண்ணெய்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் உடம்புக்குப் பெருசா ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன்லயே சொல்லலாமேன்னு நீ கேப்ப. போன்ல பேச்சு பிடிக்கலன்னா சிக்னல் இல்லம்மான்னு வச்சிடுவ, லெட்டரை அப்படி வைக்க முடியாது பாரு.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. காலையில நடக்கப் போறேன்னு கிளம்பறார், மழை பெஞ்ச நாள்லகூட செருப்புல ஒரு துளி சேறு இல்லாம திரும்பி வர்றார், சட்டைப் பையில பிஸ்கட் தூள். கேட்டா பார்க்ல ஏதோ குழந்தை கொடுத்துச்சாம். எந்தக் குழந்தை தினமும் இவரைத் தேடி வந்து பிஸ்கட் கொடுக்குது? உன் அண்ணன் பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கான், ஒரு டாக்டர் மட்டும் ஓட்டின வண்டின்னு புரோக்கர் சொன்னானாம், நான் பின்சீட்டுக்கு அடியில கை விட்டுப் பாத்தேன், கோழி இறகு வந்துது. மாட்டு டாக்டரா இருக்கும்னு அப்பா அவனுக்குப் பரிஞ்சு பேசறார். எதைப் பாத்தாலும் எனக்குச் சந்தேகம்னு அப்பனும் பிள்ளையும் சேர்ந்து கேலி பண்றாங்க, பண்ணட்டும், சந்தேகப்படறதுக்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீ இருக்கற மலைப்பக்கத்துலேர்ந்து ஒரு தோப்புக்காரரோட ஆலிவ் எண்ணெய் எங்க லேபுக்கு வந்துது. அந்த மலையோட பேரைப் போட்டு விக்கறதுக்கு முன்னாடி நாங்க பாத்துச் சொல்லணுமே, அந்த மலைக்கு இந்த வருஷம்தான் இதைப் புதுசா ஆரம்பிச்சிருக்கோம். வேற எண்ணெய் கலந்திருக்கான்னு முதல்ல பாத்தேன், சுத்தமோ சுத்தம். அப்புறம் எந்த இடத்து எண்ணெய்னு பாக்கற சோதனை. உனக்குத் தெரிஞ்சதுதான், மரம் குடிச்ச மழைத்தண்ணியோட அடையாளம் எண்ணெயில தங்கிடும், உச்சியில பெய்யற மழையும் அடிவாரத்துல பெய்யற மழையும் ஒண்ணு இல்ல, மெஷின் அதைப் பிரிச்சுக் காட்டிடும். ஆனா மெஷினுக்கு ஊர் பேரா தெரியும், நாம அசல்னு வச்சிருக்கற மாதிரியோட ஒத்துப்போகுதா இல்லையான்னுதான் சொல்லும். அந்த மலைக்கு நாம வச்சிருக்கற அசல், போன வருஷம் நீ நம்ம லேபுக்காகத் தோப்பு தோப்பா ஏறிக் காய் பறிச்சு, தனித்தனியா ஆட்டி அனுப்பினதா சொன்ன அந்த ஏழு பாட்டில்தான். நீ எடுத்து அம்மா பாத்தா தப்பே வராதுன்னு டைரக்டர் அன்னிக்கு ஊரையே கூட்டிச் சொன்னார். தோப்புக்காரர் எண்ணெய் அந்த ஏழுக்கும் கிட்டக்கூட வரல.

அவர் டின்னையெல்லாம் குடோன்ல சீல் வச்சாச்சு. அடுத்த வாரம் கமிட்டி கூடுது, போலின்னு முடிவாச்சுன்னா அவர் பேரை வெளியில போட்டுடுவாங்க, அதுக்கப்புறம் ஒருத்தனும் அவர்கிட்ட ஒரு சொட்டு வாங்க மாட்டான், நல்ல எண்ணெயா இருந்தாலும் டின்னுக்குள்ளயே கிடந்து சிக்கடிச்சுப் போகும். மனுஷன் ஒரு மூட்டை காயோட பஸ் ஏறி நேரா லேபுக்கே வந்துட்டார். வாட்டசாட்டமான ஆள், கையெல்லாம் மரத்துல கீறின தழும்பு. இதை என் கண்ணு முன்னாடி ஆட்டிப் பாருங்கம்மான்னார், குரல்ல கெஞ்சல் இல்ல, கோபம் இல்ல, எனக்கு அதுவே சந்தேகமா இருந்துது, நல்லா ஒத்திகை பாத்துட்டு வந்திருக்கார்னு நினைச்சேன். எங்க சின்ன மெஷின்ல ஆட்டினேன். டின்ல இருந்த எண்ணெய் எப்படி இருந்துதோ, துளி மாறாம அப்படியே வந்துது. காயை எங்கேர்ந்து வேணாலும் வாங்கிட்டு வரலாமேன்னு டைரக்டர் சொன்னார், நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனாலும் மனசு ஒப்பல. மெஷின் மேல சந்தேகப்பட்டு எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு மறுபடி ஓட்டினேன். குடோன்காரர் மாத்தி அனுப்பிட்டாரோன்னு அவர்கிட்ட சண்டைக்குப் போனேன், அவர் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. பக்கத்து மேஜைக்காரி லேபிளை மாத்தி ஒட்டிட்டாளோன்னு அவளையும் ஒரு வழி பண்ணிட்டேன். எல்லாரையும் சந்தேகப்பட்டு முடிஞ்ச பிறகுதான் உன் ஏழு பாட்டிலையும் எடுத்து மேஜைமேல வரிசையா வச்சு, இதுவரைக்கும் யாரும் செய்யாத மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ஓட்டிப் பாத்தேன்.

ஏழும் ஒண்ணு கண்ணு. உச்சித் தோப்புக்கும் அடித் தோப்புக்கும் நடுவுல எவ்வளவு ஏத்தம், பாதி வழியில மேகமே நிக்கும்னு நீதானே சொன்ன? ஒரே வயித்துல பொறந்த நீயும் உன் அண்ணனும் ஒரே மாதிரியா இருக்கீங்க? ஏழு தோப்பு எண்ணெய் எப்படி ஒரு துளி வித்தியாசம் இல்லாம இருக்கும்? ஒரே தொட்டியிலேர்ந்து ஏழு பாட்டிலை ரொப்பினாத்தான் இப்படி வரும். அதுவும் மலை எண்ணெய் மாதிரியே இல்ல, கீழ சமவெளியில விளையற எண்ணெய் மாதிரி இருக்கு. அப்பத்தான் போன மாசம் நீ குளிக்கப் போயிருந்தப்ப மாப்பிள்ளை போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னது ஞாபகம் வந்துது, போன வருஷம் காய் பறிக்கற சீசன் முழுக்க உங்க பொண்ணு கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல வச்சுக்கிட்டு என்னைத்தான் சமைக்க விட்டா அத்தைன்னார். நானும் சேர்ந்து சிரிச்சேன். போனை வச்ச பிறகுதான், கால் உடைஞ்சதை என்கிட்ட ஏன் சொல்லலன்னு உறுத்திச்சு, அம்மா பயந்துடுவான்னு மறைச்சிருப்பன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தக் காலோட எந்த மலை ஏறின?

உனக்கு வலி, வேலை போயிடுமோன்னு பயம், எல்லாம் ஒரே மலை எண்ணெய்தானே என்ன பெரிய வித்தியாசம்னு பக்கத்து மில்லுல வாங்கி ரொப்பியிருப்ப. அந்த மில்லுக்குச் சமவெளியிலேர்ந்து லாரி லாரியா காய் வர்றது உனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கால் உடைஞ்சிருக்கும்மான்னு சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு ஓடி வந்து நானே ஏறியிருப்பேனே. எனக்கு அழுகையா வருது, உன்னை நாலு அடி வைக்கணும் போலவும் இருக்கு. தோப்புக்காரர் நல்லவர்தான்னு நான் இன்னமும் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பொய்யான அளவுகோலை வச்சு அவரைத் திருடன்னு சொல்லவும் மாட்டேன்.

நீ முதல்ல ஒரு நல்ல டாக்டர்கிட்ட காலைக் காட்டு, அங்க இருக்கறவர் சரியில்லன்னா இங்க வந்துடு. மறக்காம தோப்புக்காரர் வீட்டுக்கு நேர்ல போய் நடந்ததைச் சொல்லு, மாப்பிள்ளையை அனுப்பாதே, நீ போ. அப்புறம் அவர் தோப்புல ஆரம்பிச்சு, அந்த ஏழு தோப்புலயும் மறுபடி எடுத்து அனுப்பு, வேலையில உன்னை விட்டு வச்சா. என் ஆசீர்வாதம் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எப்பவும் உண்டு, இதுக்காக அதுல ஒரு துளியும் குறையாது, நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இன்னொண்ணு. பொண்ணை ஒரு வார்த்தை கேக்காம எதுவும் செஞ்சிடாதேன்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஆனா இன்னிக்குக் காலையிலயே, அந்த ஏழு மாதிரியையும் நம்ப முடியாது, எடுத்தது என் மகள்தான், அதை வச்சு யார்மேலயும் முடிவு சொல்லக் கூடாதுன்னு டைரக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். மகள் பேர் எதுக்கு, பாட்டில் கெட்டுப்போச்சுன்னு போட்டுக்கலாமேன்னார், வேண்டாம்னுட்டேன். என்னைக் கேக்காம கொடுத்துட்டியேன்னு உனக்குக் கோபம் வரும். வரட்டும். கேட்டிருந்தா, இல்லம்மா நான் ஏறித்தான் பறிச்சேன்னு நீ சொல்லியிருப்ப, நானும் நம்பியிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா