மாதாவின் முக்காட்டுக்கு நீலம்

என் ஆசைத் தம்பி சூசைக்கு,

நீ வரைந்த மாதா படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் சிற்றாலயத்தில் மாட்டிவிட்டார்கள். முக்காட்டின் இடது ஓரம் முடியாமலே இருக்கிறது. வேறு ஆளை வைத்துத் தீட்டிவிடலாம் என்றார் சாமியார். வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். சரிதானே, தம்பி?

முக்காட்டுக்கான நீலப் பொடியைச் சாமியார் தம் பிரெஞ்சு ஊரிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாய். காபூலுக்கும் அப்பால் மலையைக் குடைந்து எடுக்கிற கல்லாம். இடித்து, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, சாம்பல் கரைத்த தண்ணீரில் கசக்கினால் நீலம் மட்டும் இறங்குமாம். அந்தக் காலத்து ஓவியர்கள் அதைப் பொன்னைப்போல் பொத்திவைத்து மாதாவின் ஆடைக்குத்தான் எடுப்பார்களாம்.

"அப்போ நான் வேட்டிக்குப் போடுற நீலம்?" என்று கேட்டேன்.

"அது அதே நீலத்தை பேக்டரில செஞ்சதுக்கா. நம்ம மாதாவுக்குக் கல்லு நீலம்தான்" என்று சிரித்தாய். உன் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி.

பிரிக்ஃபீல்ட்ஸ் பெயிண்டுப் பட்டறையில் பழைய கதவுகளின் வெள்ளைப் பெயிண்டைத் தேய்த்து எடுப்பதுதானே உன் பிழைப்பு? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ சுருண்டு விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறோரமாக மங்கலான ஒரு நீலக் கோடு. கூட நின்ற, மருந்து கட்டும் டிரெசர் தமிழில் சொன்னார்: "ஈய விஷம்பா இது. வெள்ளைப் பெயிண்டுல இருக்கு. அந்த வேலைய விட்டுடு."

விட்டாய். ஆனால் விஷம் உன்னை விடவில்லை. வலது மணிக்கட்டு துவண்டு தொங்கிவிட்டது. நான் உன் கையைத் தாங்கிப் பிடிக்க, நீ முக்காட்டைத் தீட்டினாய். "இன்னும் கொஞ்சம் மேலக்கா... விட்டுடாத" என்பாய். நான் விடவே இல்லை. வலிப்பு வந்துதான் உன்னை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

பட்டறை முதலாளி என்ன சொல்லித் திரிகிறான் தெரியுமா? நீ கள்ளுக் குடித்துச் செத்தாயாம். ஒரு சொட்டு வாயில் வைக்காத உன்னை! கேட்டவர்களும் தலையாட்டுகிறார்கள்.

உன் இடத்துக்கு ஆரோக்கியம் என்று ஒருவன் வந்திருக்கிறான். ரப்பர் தோட்டத்தில் ஆள்குறைத்தபோது வேலை போனவன். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டி. அவனிடம் போய் எல்லாம் சொன்னேன்.

"தெரியுதுக்கா. இதையும் விட்டா வேலையில்லாதவன்னு கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. அங்க மட்டும் என்ன இருக்கு?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டான். தூசி பறக்காமல் கதவை நனைத்துவிட்டுத் தேய்ப்பான், வாயில் துணி கட்டுவான், கை கழுவாமல் சோற்றைத் தொடமாட்டான். நேற்று மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு பட்டறை வாசலில் போய் நின்றேன். முதலாளி முறைத்தான். நான் நகரவில்லை. ஆரோக்கியம் வந்து கையை நீட்டினான், ஊற்றினேன். அவன் விரல்களுக்கிடையே இறங்கிய தண்ணீர் பாலைப்போல் வெளுத்து ஓடியது. அது தெளியும்வரை ஊற்றினேன்.

நாளையும் போவேன், தம்பி. என் இடுப்பில் குடம் நிற்கும்வரை போவேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
மரியம்மாள்