ஷட்டர் தூக்கிய நாளில் வந்த போன்

கோட்டைக்குப்பம்,
கார்த்திகை 20.

அன்புத் தம்பி ஜெகதீஸ்வரனுக்கு, அக்கா ஜமுனா எழுதுவது. இங்கே அம்மா இரண்டு வேளை சாப்பிடுகிறாள். வலப்பக்கச் சுவர் மழையில் சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நைனாவின் காரியத்துக்கு வந்தவன் பந்தல் பிரிப்பதற்குள் அணை வேலைக்கு ஓடிவிட்டாய். நீ தூக்கிய ஷட்டர்தான் நைனாவைக் கொன்றது என்று சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனைக் கையில் எடுக்க என்னால் முடியவில்லை.

அணை ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் தண்டோரா போட்டார்களாம். ஏரிக்கரைக் குப்பங்கள் பட்டியலிலேயே இல்லை. "ஏரிக்குத் தண்ணி வந்தா உங்களுக்கு மீன்தானம்மா?" என்று ஒருவர் சிரித்தார். கோடையில் ஒரு சொட்டு விடாதவர்கள், அணை நிரம்பி வழிந்ததும் மொத்தத்தையும் நம் தலையில் கொட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்லவில்லை. நீ சொன்னாய். காலை ஏழு மணிக்கே சொன்னாய். "அக்கா, ஷட்டர் தூக்கிட்டோம். மத்தியானத்துக்கு மேல எப்ப வேணா தண்ணி வரும். நைனாவ கரைக்கு வரச் சொல்லு."

அன்று ஏரியில் வலை கட்ட நம் பாடு, நம் முறை. பதினெட்டு நாளைக்கு ஒருமுறைதான் அந்த இடத்தில் நாம் வலை கட்டலாம், விட்டால் போனதுதான். போன முறையும் நீ போன் செய்தாய், வலையைச் சுருட்டினோம், தண்ணீர் வரவில்லை. "உன் தம்பி அணைக்குக் காவலா, நம்ம சோத்துக்குக் காவலா?" என்று நைனா என்னைத்தான் கேட்டார்.

அதனால் நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை வலை தூக்கட்டும் என்று இருந்துவிட்டேன். கரையிலிருந்து கத்தினால் கேட்கும் தூரம்தான், ஜெகா. இரண்டு மணிக்கு ஏரியே முகத்துவாரத்தைப் பார்த்து ஓடியது. படகு மட்டும் கிடைத்தது.

நீ தாமதமாகச் சொன்னதாக எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் உண்மையை நீயே சொல், மறுக்க மாட்டேன்.

வேலையை விட்டுவிடாதே. இந்தக் குப்பத்துக்குத் தண்டோரா நீ ஒருவன்தான். ஆனால் இனி எனக்குப் போன் செய்யாதே. ஊர்த்தலைவர் செங்கல்வராயன் மாமாவின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்காவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

உன் அக்கா,
ஜமுனா