மலைக்குப் போன மாப்ள

என் ஆசை மாப்ள குமரேசா,

உன்னை எரித்ததை வீடியோவில் பார்த்த பிறகும் மனசு ஒப்ப மாட்டேன் என்கிறது. துபாய் வெயிலில் வெந்தவன் பனிமலையில் செத்தான் என்றால் யார் நம்புவார்கள்? நாற்பதாவது மாடி சாரத்தில் நின்றுகொண்டு, கீழே நிற்கிற எங்களைக் கிண்டலடித்தவனடா நீ. உனக்குப் போய் உயரம் எமனாக வருமா?

சோனாப்பூர் லேபர் கேம்ப் ரூமில் உன் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது. புது ஆளைப் போடலாமா என்று கேம்ப் பாஸ் வந்து கேட்டார். உன் போர்வையை உதறி மறுபடி விரித்துப் போட்டேன். அவரும் திரும்பிப் போய்விட்டார்.

எல்லாம் அந்த மேல் கட்டில் தில் பகதூர் காட்டிய வீடியோவால் வந்தது. நேபாளத்தின் மேற்குக் கோடியில், ரோடே போகாத அவன் ஊர். நாள்கணக்கில் நடந்து, ஒரு கணவாயைத் தாண்டினால்தான் வீடு. “ஒரு தடவையாவது பனியை மிதிச்சிரணும் மச்சான்” என்று புலம்பிக்கொண்டே இருந்தாய். அவனுக்கும் உனக்கும் ஒன்றாக லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டாய். மலைக்குப் போய்விட்டு அப்படியே ஊருக்குப் போவதாகத் திட்டம்.

போகும்போது என்ன சொன்னாய்? “வீட்டுல கலாவுக்கு லீவு விஷயமே தெரியாது. திடீர்னு வாசல்ல போய் நிக்கப்போறேன். கேட்டா டூட்டின்னு சொல்லிருங்க.” நம் ரூமில் யார் ஊருக்குப் போனாலும் நடக்கிற கூத்துதானே இது? நாங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு இறங்கி வந்து தில் கூப்பிட்டான். அழுகையில் பாதி புரியவில்லை. “ராசு பாய், ரெண்டாவது நாளே அவனுக்குத் தலைவலி. அந்த உயரத்துல தலைவலி வந்தா உடனே கீழ எறங்கிரணும். எனக்குத் தெரியாம மாத்திரை போட்டிருக்கான். நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் பாய். ஒண்ணுமில்ல, டீக் ஹைன்னே சொன்னான்.” கணவாய்க்குக் கீழே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது மாப்ள. இங்கே தலைவலி என்று சொன்னால் போர்மேன் முறைப்பான். அதனால் மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் ஏறப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை மலைக்குமா தூக்கிக்கொண்டு போவாய்? அங்கே யாரடா உன் டூட்டியை வெட்டிச் சம்பளத்தைப் பிடிக்கப்போகிறார்கள்? கூட வந்தவனிடம் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இதைவிடப் பெரிய இடி ஒன்று எனக்காகக் காத்திருந்தது. தில் போன் செய்ததற்கு முதல்நாள் மாலை கலா என்னைக் கூப்பிட்டிருந்தாள். “அண்ணே, அவரு போன் போகவே இல்ல. அங்கதான இருக்காரு?” என்று கேட்டாள். “டூட்டியில இருக்கான்மா. நல்லா இருக்கான், கவலப்படாத” என்றேன். நீ வாசலில் நிற்கப்போவதை நினைத்து எனக்குள் சிரிப்பு வேறு. அந்த நேரத்தில் உனக்கு உயிரே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

காரியம் முடிந்த பிறகு அவளே பேசினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “மலைக்குப் போகட்டுமான்னு என்கிட்ட கேட்டாருண்ணே. நான் சண்ட போட்டு வேணாம்னுட்டேன். போன் போகலைன்னதும், சொல்லாம போயிட்டாரோன்னு பயந்துதான் உங்களக் கூப்பிட்டேன். டூட்டின்னு சொன்னீங்க. அன்னைக்குத்தாண்ணே நிம்மதியா சாப்பிட்டேன்.”

அவளிடம் கேட்டதை என்னிடம் ஏன் மறைத்தாய் மாப்ள? தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருப்பேனா?

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. என் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கலாவிடம் போய் உட்காரப்போகிறேன். பனியை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு நீ கத்தினாய் என்று தில் சொன்னதையும் சொல்வேன், தலைவலியை மறைத்ததையும் சொல்வேன். “கடைசியா என் பேரச் சொன்னாராண்ணே?” என்று கட்டாயம் கேட்பாள். தில்லிடம் விசாரித்துவிட்டேன். நீ யார் பேரையும் சொல்லவில்லையாம். நினைவே இல்லையாம்.

அவள் முகத்தைப் பார்த்ததும், ‘ஆமாம்மா, சொன்னான்’ என்று சொல்லிவிட என் நாக்கு துடிக்கும். சொல்ல மாட்டேன் மாப்ள. இது சத்தியம். அவளுக்கு இன்னொரு பொய்யை நான் சொல்ல மாட்டேன்.

கலாவுக்கு அண்ணனாகிப்போன
உன் மச்சான்,
ராசு